பல் கூச்சம்: ஒரு வலி பெயர் பெற்ற வரலாறு

பல் மருத்துவரிடம் சொல்லப்படும் முறையீடுகளுள் கண்ணால் காணத்தக்க சான்று மிகக் குறைந்தது பல் கூச்சம். சொத்தைக்குக் குழி உண்டு. ஈறு நோய்க்கு வீக்கமும் குருதிக் கசிவும் உண்டு. கூச்சமோ எக்ஸ்ரே படத்தில் பதிவாவதில்லை. ஈறு இறங்கி வேர் தெரியும் பற்கள் பல கூசாமலே இருக்கின்றன. பார்வைக்கு அதே தோற்றமுடைய வேறு பற்கள் ஒரு மிடறு குளிர்நீருக்கே துடிக்கின்றன. எனவே இந்நோயின் முதற்சான்று நோயாளியின் வாய்ச்சொல்லே. அச்சொல்லை மருத்துவம் எப்போது கூர்ந்து கேட்டது, எப்போது கேட்கத் தவறியது என்பதே பல் கூச்சத்தின் வரலாறு என்று கூறலாம்.

இன்றைய மருத்துவ வரையறை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு வழிகாட்டலில் உருப்பெற்று, 2003-இல் கனடா நாட்டு ஆலோசனைக் குழுவின் அறிக்கையில் சிறு திருத்தத்துடன் நிலைபெற்றது. அதன் சாரம் இது: எனாமலோ ஈறோ நீங்கி வெளிப்பட்ட டென்டின் என்னும் உட்படலத்தில் வெப்பம், தட்பம், காற்று, தொடுகை, இனிப்பு, புளிப்பு போன்றவை படும்போது தோன்றும் குறுகிய, கூரிய வலி, அவ்வலி வேறெந்தப் பல் குறையாலும் நோயாலும் விளைந்ததாக இருத்தலாகாது. வரையறையின் பின்பகுதி இன்றியமையாதது. பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே 'இது கூச்சம்' என்று கூற இயலும். ஆனால் அதே கனடாக் குழு பல் மருத்துவர்களிடமும் பற்சுகாதாரப் பணியாளர்களிடமும் நடத்திய கணக்கெடுப்பில், பிற காரணங்களை விலக்கிப் பார்ப்பதாகக் கூறியவர்கள் பாதிக்கும் குறைவே. வரையறை ஏட்டில் இருந்தது. கேள்வி நாற்காலியருகே கேட்கப்படவில்லை.

1. வடமொழி மருத்துவ நூல்கள்

இந்திய மருத்துவ மரபில் இந்நோய்க்குத் தனிப்பெயர் உண்டு. சுசுருத சங்கிதையின் நிதான தானம், வாய்நோய்களைப் பற்றிய இயலில் பல்லுக்குரிய நோய்களாக எட்டினை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று 'தந்தஹர்ஷம்'. பற்கள் குளிரையும் வெப்பத்தையும் தொடுகையையும் தாங்க மாட்டா என்பதே அதற்கு அந்நூல் தரும் இலக்கணம். கி.பி. ஏழாம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இப்பட்டியலை மேலும் கூர்மையாக்குகிறது. வீசும் காற்று, புளிப்பு, குளிர்ந்த உணவு ஆகிய மூன்றையும் பொறுக்க இயலாமை, புளிப்பைத் தின்றது போன்ற வலி, பற்கள் ஆடுவது போன்ற உணர்வு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. காற்றைத் தனியாகக் குறித்திருப்பது கவனத்திற்குரியது. இன்று பல் மருத்துவர் கூச்சத்தைச் சோதிக்கப் பயன்படுத்துவதும் பல்மீது பீய்ச்சப்படும் காற்றையே.

இதைவிட முக்கியமான நுட்பம் ஒன்று சுசுருதத்தில் உள்ளது. தந்தஹர்ஷத்திற்கு அருகிலேயே 'கிருமிதந்தகம்', அதாவது பற்சொத்தை, விளக்கப்படுகிறது. கருநிறத் துளை, ஆட்டம், கசிவு, வீக்கத்துடன் கூடிய கடும்வலி என்று அதன் குறிகளை அடுக்கும் நூல், காரணமின்றித் தோன்றும் வலி என்பதையும் அதன் அடையாளமாகச் சேர்க்கிறது. ஏதேனும் பட்டால் மட்டும் எழும் வலி ஒரு நோய்; ஒன்றும் படாமலே எழும் வலி மற்றொரு நோய். இந்தப் பாகுபாட்டைக் கருவி எதுவும் காட்டித் தரவில்லை. நோயாளியை உசாவி, அவர் சொன்னதைக் கேட்டு, வகைப்படுத்தியதன் விளைவு அது.

பரிகாரமாக இளஞ்சூடான நெய், எண்ணெய் முதலியவற்றால் வாய் கொப்பளித்தலைச் சுசுருதம் விதிக்கிறது. பல்நோயாளிகள் புளிப்புப் பழம், குளிர்ந்த நீர், உலர்ந்த உணவு, குச்சியால் பல் துலக்குதல், மிகக் கடினமான தின்பண்டம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. சரக சங்கிதை நலமுடையோர்க்கு நாளுக்கு இருமுறை பற்குச்சியைப் பரிந்துரைக்கும்போது, அதன் நுனியை நசுக்கி மென்மையாக்க வேண்டும் என்றும் ஈறுகளுக்குத் தீங்கு நேரலாகாது என்றும் வற்புறுத்துகிறது.

இவற்றைக் கொண்டு பண்டையோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். அவர்கள் தந்தஹர்ஷத்திற்குக் கூறிய காரணம் வாதம் என்னும் தோஷத்தின் சீற்றம்; பல்லின் நுண்ணமைப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர்களது கோட்பாடு இன்று நிற்கவில்லை. அவர்கள் நோயாளியின் வாய்மொழியிலிருந்து பதிந்த கவனிப்பு நிற்கிறது. கோட்பாட்டையும் கவனிப்பையும் பிரித்து மதிப்பிடுவதே வரலாற்றுக்கு உகந்த முறை.

2. சொற்கள் சுமந்து வந்தவை

தந்தஹர்ஷம் என்ற பெயரின் இரண்டாம் பகுதி வியப்புக்குரியது. 'ஹர்ஷம்' என்றால் மகிழ்ச்சி என்றே பலரும் அறிவர். அதன் வேரான 'ஹ்ருஷ்' என்பதற்குச் சிலிர்த்தல் என்பதும் பொருள். மயிர்க்கூச்சு 'ரோமஹர்ஷம்' எனப்படுவது அதனாலேயே. எனவே தந்தஹர்ஷம் என்பது பல்லின் சிலிர்ப்பு. தமிழிலும் இதே இணைப்பைக் காணலாம். 'கூசு' என்னும் வினை பல்லுக்கும் உரியது, வெயிலைக் கண்ட கண்ணுக்கும் உரியது, அக்குளில் விரல் பட்ட உடலுக்கும் உரியது, அவையில் எழுந்து பேசத் தயங்கும் மனத்திற்கும் உரியது. மயிர்க்கூச்செறிதலிலும் அச்சொல்லே இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்று வந்து படும்போது உள்ளே சுருங்கிக்கொள்ளுதல் என்பதே இவை அனைத்திற்கும் பொதுவான கரு.

பிற இந்திய மொழிகளை நோக்கினால் இப்பெயர்கள் இரு குடும்பங்களாகப் பிரிகின்றன. முதலாவது புளிப்புக் குடும்பம். மலையாளத்தில் 'பல்லு புளிப்பு'. மராத்தியில் பல் புளித்துப்போதலைக் குறிக்கும் 'தாத் ஆம்ப்ணே'. வங்காளத்தில் அதே பொருள்படும் 'தாந்த் டோகே ஜாவா'. இந்தியில் 'தாந்த் கட்டே கர்னா', அதாவது பற்களைப் புளிக்கச் செய்தல், பகைவரைத் தோற்கடித்தல் என்னும் பொருளில் வழங்கும் மரபுத்தொடர். இரண்டாவது ஒலிக்குறிப்புக் குடும்பம். வங்காளத்தில் 'சிர்சிர்', தெலுங்கில் 'ஜிவ்வு', கன்னடத்தில் 'ஜும்', இந்தியில் 'ஜன்ஜனாஹட்'. உணர்வைப் பெயரிட இயலாதபோது அதை ஒலியாக நடித்துக் காட்டுவது தெற்காசிய மொழிகளின் பொதுப்பண்பு. அவ்வொலிகள் வலியின் வேகத்தையும் குறுகிய அளவையும் சுட்டுகின்றன.

புளிப்புக்கும் பல்லுக்குமான தொடர்பைச் சரகர் தலைகீழாகவும் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு பொருளின் சுவை புளிப்பா என்று எவ்வாறு அறிவது? பல் கூசுதல், வாய் ஊறுதல், வியர்த்தல் முதலிய குறிகளால் அறியலாம் என்கிறார். கூச்சம் அங்கே நோயாகக் கூறப்படவில்லை, சுவையறியும் அளவுகோலாகிறது. எபிரேய விவிலியத்தில் எரேமியா, எசேக்கியேல் ஆகிய இரு தீர்க்கர்களின் நூல்களிலும் வரும் ஒரு பழமொழியும் இதே அனுபவத்தைச் சார்ந்தது: தந்தையர் புளிப்புத் திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பற்கள் பாதிக்கப்படுகின்றன. அங்கு எபிரேய மொழி பயன்படுத்தும் வினையின் பொருள் மழுங்குதல். தமிழில் அதை மொழிபெயர்த்தோர் 'கூசு' என்னும் வினையை எடுத்தாண்டனர். ஒரே உணர்வை ஒரு மொழி மழுங்கலாகவும் மற்றொன்று சுருங்கலாகவும் காண்கிறது.

மருத்துவருக்கு இப்பெயர்களால் நேரடிப் பயன் உண்டு. புளிப்பு என்று சொல்பவர் காரணத்தைச் சுட்டுகிறார். அமில உணவு எனாமலை அரிப்பது இந்நோயின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 'ஜிவ்வு' என்று சொல்பவர் வலியின் இயல்பைச் சுட்டுகிறார்.

3. குழாய்களும் நீரோட்டமும்

பல்லின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவு நுண்ணோக்கியால் வந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து அந்தோணி வான் லேவன்ஹூக், பல் முழுவதும் நுண்குழாய்களால் ஆனது என்று தாம் கண்டதை இலண்டன் ராயல் கழகத்திற்கு எழுதினார்; அக்கடிதம் 1678-இல் அச்சேறியது. ஆயினும் அக்கண்டுபிடிப்பு ஒன்றரை நூற்றாண்டு பயனின்றிக் கிடந்தது. 1830-களில் புர்கின்யேயும் ரெட்சியஸும் அக்குழாய்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1856-இல் ஆங்கிலேயப் பல் மருத்துவர் ஜான் டோம்ஸ் அக்குழாய்களுள் மென்திசு இழைகள் இருப்பதை விளக்கினார். பல்லின் மேற்பரப்பு வரை நரம்பு வராதபோது அங்கு வலி எவ்வாறு தோன்றுகிறது என்னும் புதிருக்கு, இவ்விழைகளே உணர்வைக் கடத்துகின்றன என்பது நெடுங்காலம் விடையாகக் கருதப்பட்டது.

1900-இல் சூரிச் நகரத்து ஆல்ஃபிரட் கீசி வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். குழாய்களுள் நிறைந்துள்ள நீர்மம் அசைவதே வலிக்குக் காரணமாகலாம் என்றார். அவ்விளக்கத்தைச் சோதனைகளால் நிறுவியவர் சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். 1960-களில் அவர் காற்றைப் பீய்ச்சியும் ஈரம் உறிஞ்சும் தாளை வைத்தும் பல்லைச் சோதித்தார். வறண்ட தாள் குழாய்நீரை உறிஞ்சும்போது வலி எழுந்தது. நனைந்த தாளில் அவ்விளைவு இல்லை. குளிர், காற்று, இனிப்பு ஆகியவை குழாய்நீரை வெளிநோக்கி இழுக்கின்றன. அவ்வோட்டம் பற்கூழின் ஓரத்திலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. வெப்பத்தால் விளையும் உள்நோக்கிய ஓட்டம் அத்துணைக் கூர்மையாகத் தூண்டுவதில்லை. குளிரைப் பற்றிய முறையீடு மிகுந்திருப்பது இதனால்தான்.

1987-இல் பிரிட்டனில் அப்சி, ஆடி, ஆடம்ஸ் ஆகியோர் கூசும் பற்களையும் கூசாத பற்களையும் மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டனர். கூசும் பற்களில் ஒரே பரப்பில் திறந்திருந்த குழாய்கள் ஏறத்தாழ 8 மடங்கு மிகுதி. அவற்றின் விட்டமும் ஏறத்தாழ 2 மடங்கு. குழாய் வழி நீரோட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது இயற்பியல் விதி. எனவே விட்டம் இரட்டிக்கும்போது ஓட்டம் 16 மடங்காகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பற்களுள் ஒன்று மட்டும் கூசுவதன் காரணம் இங்கே விளங்கியது. 'வெளியே ஒன்றும் தெரியவில்லையே' என்று அதுவரை ஐயத்துடன் நோக்கப்பட்ட நோயாளியின் சொல்லுக்கு அறிவியல் சான்று கிட்டியது.

4. பரிகாரத்தின் வரலாறு

காரணம் தெரியாத காலத்திலும் பரிகாரம் நடந்தது. வெள்ளி நைட்ரேட்டைத் தடவினால் கூச்சம் தணிந்தது. ஆனால் பல் கருத்தது. ஃபார்மலின் போன்ற கடும் வேதிப்பொருள்களும் பயன்படுத்தப்பட்டன. 1935-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் லூயி கிராஸ்மன் நல்ல மருந்துக்குரிய இயல்புகளை வகுத்துரைத்தார்: பற்கூழை உறுத்தலாகாது, தடவும்போது வலிக்கலாகாது, எளிதில் இடத்தக்கதாக இருத்தல் வேண்டும், விரைந்தும் நீடித்தும் செயற்பட வேண்டும், பல்லின் நிறத்தைக் கெடுக்கலாகாது. அப்பட்டியல் இன்றும் மேற்கோளாகிறது. வலிக்கலாகாது, நிறம் கெடலாகாது என்னும் நிபந்தனைகள் நோயாளியின் நிலையிலிருந்து வகுக்கப்பட்டவை.

பின்னர் மருந்து பற்பசைக்குள் வந்தது. ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு கலந்த பற்பசை 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1974-இல் மில்டன் ஹோடோஷ் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பரிந்துரைத்தார். முன்னது குழாய்களை அடைக்கும் வகையைச் சார்ந்ததாகவும் பின்னது நரம்பின் கிளர்ச்சியைத் தணிக்கும் வகையைச் சார்ந்ததாகவும் விளக்கப்படுகின்றன. இப்பற்பசைகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். அமெரிக்க விதிமுறைப்படி, பல் மருத்துவரின் அறிவுரையின்றி இவற்றை 4 வாரங்களுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கை உறையில் அச்சிடப்பட வேண்டும். கூச்சம் வேறொரு கடும் நோயின் குறியாகவும் இருக்கலாம் என்பதே அவ்வெச்சரிக்கையின் அடிப்படை.

இந்தியாவில் இப்பற்பசைகளின் விளம்பரத்தோடு 'சென்சிட்டிவிட்டி' என்னும் சொல் வீடுதோறும் நுழைந்தது. அதனால் நன்மையும் விளைந்தது. கூச்சத்தை விதியென்று பொறுத்திருந்தோர் அதற்குத் தீர்வு உண்டு என்று அறிந்தனர். தீமையும் விளைந்தது. சொத்தையின் வலி, விரிசல் கண்ட பல்லின் வலி, அழற்சியுற்ற பற்கூழின் வலி, உண்மையான கூச்சம் ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. சிர்சிர், புளிப்பு, குடைச்சல், குத்தல், தெறிப்பு என்று தத்தம் மொழியில் வேறுபடுத்திச் சொன்ன மக்கள், மருத்துவரிடம் 'சென்சிட்டிவிட்டி' என்று முடித்துக்கொள்ளத் தொடங்கினர். நோயறிவதற்குரிய தகவல் அங்கேயே தொலைகிறது.

5. நாற்காலியருகே ஓர் உரையாடல்

ஆர். அகமது 1920-இல் கல்கத்தாவில் நிறுவிய கல்லூரியே இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரி. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை இத்துறையின் பாடமொழி ஆங்கிலமே. மாணவர் வலியின் வகைகளை ஆங்கிலத்தில் கற்கிறார். நோயாளி தம் தாய்மொழியில் வலியைச் சொல்கிறார். இரண்டுக்கும் இடையிலான மொழிபெயர்ப்பு எந்தப் பாடநூலிலும் முறையாகக் கற்பிக்கப்படுவதில்லை. வலியின் சொற்களை வகைப்படுத்தி ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வினாநிரல், சொல்லைச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை உலக மருத்துவத்திற்கு உணர்த்தியது. இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களுக்கும் அத்தகைய உழைப்பு தேவைப்படுகிறது.

பிழை நேரும்போது அது இரு திசைகளிலும் நேர்கிறது. சொத்தையைக் கூச்சமென்று கருதிய ஒருவர் மாதக்கணக்கில் பற்பசையை நம்பியிருப்பார். ஒருநாள் கூச்சம் நின்றுவிடும். மருந்து வேலை செய்தது என்று அவர் மகிழ்வார். உண்மையில் பற்கூழ் இறந்துபோனதால் உணர்வு அற்றிருக்கும். மறுபுறம், வெறும் கூச்சத்தைப் பற்கூழ் நோயென்று கொண்டால், உயிருள்ள பற்கூழ் தேவையின்றி அகற்றப்பட்டு வேர்ச் சிகிச்சை நடந்துவிடும். இரண்டையும் தடுக்கும் கேள்விகள் எளியவை. என்ன பட்டால் கூசுகிறது? பட்டது நீங்கியபின் எவ்வளவு நேரம் நிற்கிறது? ஒன்றும் படாமலே வலிக்கிறதா? இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா? கடித்த பல்லை எடுக்கும்போது சுரீரென்கிறதா? நொடியில் மறையும் கூர்வலி ஒருவகை நரம்பிழையாலும், நீடித்து மந்தமாக நிற்கும் வலி மற்றொரு வகை நரம்பிழையாலும் கடத்தப்படுகின்றன. ஆகவே கால அளவைக் கேட்பது பற்கூழின் நிலையையே கேட்பதாகும். படாமலே வலிக்கிறதா என்னும் கேள்வியோ சுசுருதத்தின் பாகுபாடே.

சோதனையும் ஒருவகை உரையாடலே. ஷிஃப் அளவுகோல் எனப்படும் காற்றுச் சோதனையில் 0 முதல் 3 வரை மதிப்பிடுவர். நோயாளிக்கு எதிர்வினை இல்லையெனில் 0. எதிர்வினை காட்டியும் நிறுத்தச் சொல்லாவிடில் 1. நிறுத்தச் சொன்னாலோ விலகினாலோ 2. வலிக்கிறது என்றும் கூறி நிறுத்தச் சொன்னால் 3. நிறுத்துங்கள் என்று சொல்ல உரிமை உண்டு என்பதை அறியாத நோயாளியிடம் இவ்வளவுகோல் பிழைபடும். மருத்துவர்முன் கூசி அமர்ந்திருப்பவரின் பல் கூச்சம் குறைவாகவே பதிவாகும். சோதனைக்கு முன்னரே 'வலித்தால் கையை உயர்த்துங்கள், நிறுத்திவிடுகிறேன்' என்று கூறுவது பரிவு மட்டுமன்று. அளவீட்டின் துல்லியத்திற்கும் அதுவே வழி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கூச்ச அனுபவ வினாநிரல், நோயாளிகளுடன் நிகழ்த்திய நேர்காணல்களிலிருந்து உருவானது. வலியின் அளவோடு, உண்ணும் முறையை மாற்றிக்கொள்ளுதல், சிலவற்றைத் தவிர்த்தல், பிறர்முன் நேரும் சங்கடம் முதலியவற்றையும் அது வினவுகிறது. கூசும் பல்லைத் துலக்காமல் விடுதல் இத்தகைய தவிர்ப்புகளுள் கேடு மிக்கது. அங்கே அழுக்குப் படிந்து சொத்தையும் ஈறு நோயும் பின்தொடரும். இந்தியச் சூழலில் மேலும் சில கேள்விகள் தேவை. கரி, உப்பு, செங்கல் தூள், காவி கலந்த பற்பொடி ஆகியவற்றால் துலக்கும் வழக்கம் உண்டா? எலுமிச்சை நீரோ புளிப்பு மாங்காயோ நாள்தோறும் உண்டா? உண்டவுடன் அழுத்தித் துலக்குகிறாரா? இக்கேள்விகளைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் உண்மையான விடை வராது. காரணம் நீடிக்கும்வரை எந்தப் பசையும் நிலைத்த பயன் தராது.

கூச்சத்தைப் பற்றிய மருந்தாய்வுகளில் மருந்தற்ற வெறும் பசையைப் பெற்றவர்களுள்ளும் கணிசமானோர் நலமடைந்ததாகக் கூறுவது ஆய்வாளர்களுக்கு நீண்டகாலச் சிக்கலாக உள்ளது. அதைக் கொண்டு அவ்வலி கற்பனை என்று கூறுவார் உண்டு. எளிய பற்பசையும் முறையான துலக்கலும் ஓரளவு பயன் தருவதும், வலி காலப்போக்கில் தானே தணிவதும், கவனிக்கப்படுகிறோம் என்னும் உணர்வு வலியைக் குறைப்பதும் அதில் கலந்திருக்கின்றன. திறந்த குழாய்களை நுண்ணோக்கி காட்டிய பின்னர் வலியை மறுப்பதற்கு இடமில்லை.

லேவன்ஹூக் குழாய்களைக் கண்டதற்கும் அப்சி குழுவினர் அவற்றை எண்ணியதற்கும் இடையே 309 ஆண்டுகள். அவ்விடைவெளி முழுவதும் நோயாளிகள் ஒரே செய்தியைத்தான் சொல்லிவந்தனர்: காற்றுப் பட்டால், குளிர் பட்டால், புளி பட்டால். வாக்படர் எழுதிவைத்ததும் அதையே. கருவி பிந்தி வந்தது. சொல் முந்தியே இருந்தது. அடுத்த முறை ஒருவர் 'பல் கூசுகிறது' என்று தயங்கிச் சொல்லும்போது, பசையின் பெயரை எழுதித் தருவதற்கு முன், 'எது பட்டால்?' என்று கேட்கும் மருத்துவர் அந்த நெடிய கவனிப்பு மரபையே தொடர்கிறார்.